லைசென்ஸ் வைத்திருக்கும் நல்லவர்கள்

பொள்ளாச்சிப் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நண்பர் என்று சொன்னாலும் என்னைவிட இருபது வயது மூத்தவர். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். என் கதைகளில் பாதியைப் படித்திருக்கிறார். மீதிப் பாதியைப் படிக்காமலே கண்டித்திருக்கிறார். அவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பத்திரிகையை என் முன்னால் விரித்துப் போட்டார். நடுத்தெருவில், பட்டப்பகலில், ஒரு பெண்ணை ஒருவன் வெட்டிய செய்தி. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பலர், தடுத்தவர் ஒருவருமில்லை.

“ஏனுங்க தம்பி, அந்தக் கூட்டத்திலே ஒரு நல்லவன் கையிலே ஒரு துப்பாக்கி இருந்திருந்தா?” என்றார்.

நான் பதில் சொல்லுமுன் அவரே அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார்: “உங்க கையிலேயே இருந்ததுன்னு வச்சுக்குங்க. ஒருத்தன் அரிவாளை ஓங்கிட்டு நிக்கறான். சுடுவீங்களா, மாட்டீங்களா?”

“சுடுவேன்” என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எழுதுகிறவர்கள் எல்லோரும் கோழைகள், அஹிம்சை பேசி நழுவிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறார். நான் நழுவவில்லை. இப்போதும் நழுவவில்லை. இன்னொரு உயிர் கண்ணெதிரே போகும்போது, வேறு எந்த வழியாலும் தடுக்க முடியாதபோது, போக்குகிறவனைக் கொன்றாவது தடுக்கலாம் என்பது சட்டம், அது நியாயமும்கூட. இதை ஒப்புக்கொண்டுதான் நான் அவரோடு சண்டைக்குப் போகிறேன். ஏனென்றால் அவர் கேட்டது இதுவல்ல. அவர் வேண்டுவது, நல்லவர்களுக்கெல்லாம் சர்க்கார் ஆளுக்கொரு லைசென்ஸ் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் இடுப்பில் துப்பாக்கியோடு கடைவீதியில் நடமாட வேண்டும், அப்போது கெட்டவன் பயப்படுவான் என்பது. அமெரிக்காவில் அப்படித்தானாம்.

அமெரிக்காவுக்கே போவோம். அதற்கு முன்னால் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிட வேண்டும்.

லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கு. சுடுவதற்கு அல்ல. பிறர் உயிரைக் காக்கும் உரிமை லைசென்ஸ்காரருக்குச் சர்க்கார் தனியாக அளந்து போட்ட படி அல்ல. அது கூலிக்காரிக்கும் உண்டு, பிச்சைக்காரனுக்கும் உண்டு. நமது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு, ஒருவன் தன் உடலையும், வேறு எவருடைய உடலையும் காத்துக்கொள்ளலாம் என்று பொதுவாகத்தான் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் அதுவே 35-ஆவது பிரிவாக இருக்கிறது. அருவாமணையை எடுத்துக்கொண்டு ஓடிவருகிற அடுத்த வீட்டு ஆயாவுக்கு என்ன உரிமையோ, அதே உரிமைதான் ரிவால்வர் வைத்திருக்கும் மிராசுதாருக்கு. ஒரு அங்குலம் கூடுதல் இல்லை. அமெரிக்க மாநிலங்களிலும் பொதுவாக இதுவே கதை: எதிரே இருப்பவருக்கு உடனடியாக உயிராபத்து, அல்லது கொடுங்காயம் நேரப் போகிறது என்று நியாயமாக நம்ப வேண்டும்; அதைத் தடுக்க அந்த அளவு பலம் தேவைப்பட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் யாரும் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் சட்டைப்பையில் எத்தனை லைசென்ஸ் இருந்தாலும் அது கொலை.

ஆனால் லைசென்ஸ் கையில் வந்ததும் மனிதனுக்கு ஒரு மாறுதல் ஏற்படுகிறது பாருங்கள்! அவன் தன்னை அரைக் கான்ஸ்டபிளாக நினைக்கத் தொடங்குகிறான். கான்ஸ்டபிளுக்கோ காக்கி உடுப்பு இருக்கிறது. தோளில் நம்பர் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் அவர் யாரென்று தெரியும். நம் அரைக் கான்ஸ்டபிளை யாருக்குத் தெரியும்? அவர் துப்பாக்கியை உருவிய அந்த நிமிஷத்தில் அந்தத் தெருவில் துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டு பேரில் அவரும் ஒருவர். அவ்வளவுதான்.

நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். அந்தக் கேள்வியில் ஒரு தந்திரம் இருக்கிறது. அவர் அறிந்து செய்த தந்திரமல்ல. கதை எழுதுகிறவனுக்கு அது பிடிபட்டுவிடும். ஏனென்றால் அது எங்கள் தொழில் தந்திரம். ‘ஒருவன் பெண்ணை வெட்ட வருகிறான்’ என்று அவர் சொன்னாரே, அந்த வாக்கியத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. யார் துஷ்டன், யார் நிரபராதி, அவன் கையில் என்ன இருக்கிறது, அவன் மனத்தில் என்ன இருக்கிறது, பின்னால் யார் நிற்கிறார்கள் எல்லாம் கேட்கிறவருக்குத் தெரியும். கதாசிரியனுக்குத் தெரிவதுபோலத் தெரியும். நான் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் பாத்திரங்களில் எவனைச் சுட வேண்டுமோ அவனைத் தாராளமாகச் சுடலாம், குறி தவறாது. தெருவில் கதாசிரியன் கிடையாது. அங்கே எல்லோரும் நடுவில் வந்து சேர்ந்தவர்கள். மூன்றாவது அத்தியாயத்தில் புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கம் படித்துவிட்டு, யார் வில்லன் என்று இரண்டு விநாடியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தடவை அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், மழை விட்டும் விடாத ஒரு மாலை நேரம். ஓர் இளம்பெண்ணை இரண்டு ஆண்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவள் தலை அவிழ்ந்து கிடக்கிறது. “ஐயோ, என்னைக் கொல்லப் போறாங்களே! யாராவது வாங்களேன்!” என்று அலறுகிறாள். சுற்றிலும் நூறு பேர். ஒருவரும் அசையவில்லை. எனக்கு வயது இருபத்து மூன்றோ நாலோ. இரத்தம் கொதித்தது. கையில் இருந்த குடையைத் திருப்பிப் பிடித்து, அந்த இருவரில் பெரியவனாகத் தெரிந்தவன் நெற்றியில் ஓங்கி ஒன்று வைத்தேன். மூங்கில் பிடி போட்ட பழைய குடை. நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. அவன் பிடியை விட்டான். அந்தப் பெண் ஓடினாள். எங்கே ஓடினாள் தெரியுமா? நேரே நெடுஞ்சாலைக்கு, வந்துகொண்டிருந்த லாரியை நோக்கி. இன்னொருவன் பாய்ந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்று நான் ஒரு கொலைக்குக் காரணமாகியிருப்பேன்.

அவன் அவளுடைய அண்ணன். மற்றவன் சித்தப்பா மகன். அந்தப் பெண்ணுக்குப் புத்தி சுவாதீனமில்லை. வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஊரிலிருந்து வரும் வழியில் அவள் அதே கூச்சலை இரண்டு முறை போட்டிருக்கிறாள். அண்ணன் நெற்றியில் மூன்று தையல். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது அவன் சொன்னான்: “பரவால்ல சார். பாக்கறவங்களுக்கு அப்படித்தானே தெரியும்? நீங்களாவது வந்தீங்க.”

அந்த மனிதன் என்னை மன்னித்தான். மன்னிக்க அவன் உயிரோடு இருந்தான்.

இனி நியூயார்க். 1958 அக்டோபரில், மன்ஹாட்டன் நகரப் பகுதியில் 54-ஆவது தெருவில், நடுவயது ஆண்கள் இருவர் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வழியே போன நாற்பது வயது மனிதர் ஒருவர், பையனை அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டத்திலிருந்து பாய்ந்து அவர்களில் ஒருவரைக் குத்தினார். கலவரத்தில் அவர்களில் ஒருவருக்கு முழங்காலில் காயம். அவர்கள் இருவரும் மாற்றுடையில் இருந்த துப்பறியும் போலீஸார். பையனைச் சட்டப்படி கைது செய்துகொண்டிருந்தவர்கள். குத்தியவர் உத்தியோகத்தில் இருந்த, குற்றப் பதிவு எதுவுமில்லாத கண்ணியமான மனிதர். இருந்தும் 1962-ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அவர் குற்றவாளியே என்று சொல்லிவிட்டது. யங் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். நீதிமன்றம் சொன்ன காரணம் இது: நீ யாரைக் காக்கப் போகிறாயோ அவன் இடத்தில் நீ நிற்கிறாய், அவனுக்கு எதிர்க்க உரிமை இல்லையென்றால் உனக்கும் இல்லை, நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது ஒரு பதிலாகாது.

இங்கே ஒரு வேடிக்கை. நமது தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. அதன் 99-ஆவது பிரிவில், எதிரே இருப்பவர் சர்க்கார் ஊழியர் என்று அறியாதவனுக்கும், அறியக் காரணமில்லாதவனுக்கும் காப்புரிமை போய்விடாது என்று விளக்கம் போட்டிருந்தார்கள். நியூயார்க்கில் 1962-ல் தண்டனை பெற்றவருக்கு, சென்னையில் அதற்கு நூறு வருஷம் முன்பே விடுதலை பெற வழி இருந்தது! மெக்காலே துரை 1837-ல் தயாரித்த நகலிலிருந்து வளர்ந்த சட்டம் அது. அவரை நான் பல விஷயங்களில் மன்னிக்கத் தயாரில்லை. ஆனால் சட்டம் எழுதுவது எப்படி என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

நியூயார்க்கிலும் அந்தக் கடும் விதி வெகுநாள் நிற்கவில்லை. 1967-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதைக் கைவிட்டு, காப்பாற்ற வந்தவன் ‘நியாயமாக நம்பினான்’ என்றால் போதும் என்று வைத்துக்கொண்டது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் விதி. குடையால் அடித்த எனக்கும், முஷ்டியால் குத்திய அவருக்கும் இந்த விதி கருணையுள்ளது, வேண்டியது. ஆனால் துப்பாக்கிக்காரரிடம் இதே விதியைக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது? தவறு யாரோ ஒருவர் தலையில் விழுந்துதானே ஆக வேண்டும்? நம்பினவர் வீட்டுக்குப் போய்விடுவார். செத்தவர் போகமாட்டார். தவறின் விலை முழுவதையும், எந்தத் தவறும் செய்யாதவர் தலையில் கட்டிவிட்டு, ‘நியாயமான நம்பிக்கை’ என்று ரசீது எழுதிக் கொடுக்கிறது சட்டம்.

இந்த ரசீதின் கதை ஒன்று இருக்கிறது. 2021 ஜூன் 21-ஆம் தேதி, கொலராடோ மாநிலத்தில் ஆர்வாடா என்ற ஊர். பழைய கடைவீதி. போலீஸார் மீது வன்மம் கொண்ட ஒருவன் ஓர் அதிகாரியைப் பின்தொடர்ந்து வந்து சுட்டுக் கொன்றான். பிறகு தன் வண்டிக்குப் போய் இன்னும் பெரிய துப்பாக்கி ஒன்றை எடுத்து வந்தான். அங்கே ஒரு கடையில் இருந்த நாற்பது வயது மனிதர், முறைப்படி கைத்துப்பாக்கி வைத்திருந்தவர், வெளியே ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். இதைவிடத் தெளிவான சந்தர்ப்பம் வேண்டுமா? என் நண்பர் கனவு காணும் நல்லவர் இவர்தான். ஓடி ஒளிந்திருக்கலாம், ஒளியவில்லை. எத்தனை உயிர்களைக் காத்தாரோ! விழுந்தவனுடைய துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அப்போது அந்த இடத்தில் இருந்த இன்னொரு போலீஸ் அதிகாரி பார்த்தார். அவர் பார்த்தது மூன்றாவது அத்தியாயம். ஓர் ஆள், கையில் பெரிய துப்பாக்கி, கீழே ஒரு பிணம். சுட்டார். காப்பாற்ற வந்தவர் செத்தார்.

அதே ஆண்டு நவம்பரில் மாவட்ட அரசு வழக்கறிஞர் முடிவு சொன்னார்: சுட்ட அதிகாரி மீது வழக்கில்லை, அவர் நியாயமாக நம்பினார். செத்தவர் வீரர் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. அதுதான் கொடுமை. அந்த நல்லவர் பிழைத்திருந்து, கூண்டில் ஏற நேர்ந்திருந்தால் எந்த வார்த்தை அவரை விடுவித்திருக்குமோ, அதே வார்த்தை அவரைக் கொன்றவரை விடுவித்தது. குறை சொல்ல ஆள் இல்லை. அதிகாரியைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். சற்று நேரத்துக்கு முன்பு தம் சகாவை இழந்தவர். துப்பாக்கிக்கு முகம் கிடையாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முகம் இல்லாவிட்டாலும் நிறம் உண்டு என்பார்கள், கறுப்பு மக்கள். அதையும் கேட்க வேண்டும். 2018 நவம்பரில் அலபாமாவின் ஹூவர் நகரத்தில் ஒரு கடைக்கட்டிடத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. கையில் துப்பாக்கியோடு காணப்பட்ட 21 வயதுக் கறுப்பு இளைஞன் ஒருவனைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். குற்றவாளியைக் கொன்றுவிட்டோம் என்று அறிவித்தார்கள். அடுத்த நாளே, அவன் அல்ல என்றார்கள். அதிலும் வழக்கில்லை. நம்பிக்கை நியாயமானதா என்று அளக்கும் படிக்கல்லே ஒருபுறம் சாய்ந்திருக்கும் ஊரில், நல்லவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளட்டும் என்பது எல்லா நல்லவர்களையும் குறிக்குமா?

“நீங்க கெட்டதாகவே பொறுக்கி எடுக்கறீங்க” என்றார் நண்பர். கிரீன்வுட்டை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். மறக்கவில்லை. அவர் கட்சிக்கு அதுதான் முதல் சாட்சி. அதை மறைத்துவிட்டு வாதாடினால் நான் வக்கீலாகத்தான் போக வேண்டும். 2022 ஜூலை 17, இண்டியானா மாநிலம். ஒரு கடைக்கட்டிடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் துப்பாக்கியோடு வெளிப்பட்டுச் சுடத் தொடங்கினான். மூன்று பேர் செத்தார்கள். தன் தோழியோடு வந்திருந்த 22 வயதுப் பையன் ஒருவன், பதினைந்து விநாடிக்குள், ஏறத்தாழ நாற்பது கஜ தூரத்திலிருந்து சுட்டு அவனை நிறுத்தினான். சுட்டது பத்து, பட்டது எட்டு. சுடும்போதே மற்றவர்களைத் தன் பின்பக்கமாக வெளியே போகும்படி கையசைத்திருக்கிறான். அந்தப் பையனுக்கு நான் தலை வணங்குகிறேன். 2019 டிசம்பரில் டெக்ஸாஸின் ஒயிட் ஸெட்டில்மென்ட் நகர மாதாகோயிலில் நடந்ததும் இப்படியே: ஆராதனை நடுவே ஒருவன் இரண்டு பேரைச் சுட்டான், காவலுக்கு நின்ற தொண்டர் ஆறே விநாடியில் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். அவர் துப்பாக்கிப் பயிற்சி தருவதையே தொழிலாகக் கொண்டவர். அன்று கோயிலில் இன்னும் பல பேர் துப்பாக்கியை உருவிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவரைச் சுட்டிருந்தால் என்ன என்று நினைக்கும்போது எனக்கு வியர்க்கிறது. அப்படி நேரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் காப்பாற்றியவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்தே அங்கே இருந்தவர்கள். முதல் வேட்டைத் தம் கண்ணால் பார்த்தவர்கள். எதிரி ஒருவன், அவன் செய்துகொண்டிருந்தது என்ன என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பேச நேரமில்லை, ஓட வழியில்லை. இப்படிப்பட்ட வாசலுக்குள் நுழைகிறவனை நான் தடுக்கவில்லை. இதே வாசல் வழியாக, தெருமுனையில் கூச்சல் கேட்டு ஓடிவந்தவனும், கணவன் மனைவி சண்டையைப் பார்த்தவனும், பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகைப் பார்த்தவனும் நுழைந்துவிடுகிறார்களே, அவர்களைத்தான் மறிக்கிறேன். ஓடுகிறவன் முதுகு யாருடைய உயிருக்கும் ஆபத்தல்ல. அதில் குண்டு பாய்ச்சுவது காப்பாற்றுதல் அல்ல, தண்டித்தல். தண்டிக்க யார் லைசென்ஸ் கொடுத்தார்கள்?

ஆபத்தைத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு ரகம். 2020 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் தந்தையும் மகனும் துப்பாக்கிகளோடு, பின்னால் வண்டியில் ஓர் அண்டைவீட்டுக்காரரோடு, ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த அமாட் ஆர்பெரி என்ற கறுப்பு இளைஞனைத் திருடன் என்று துரத்தி மடக்கிக் கொன்றார்கள். அவர்களும் ஊரைக் காப்பதாகத்தான் சொன்னார்கள். அந்தத் துரத்தலுக்குச் சாக்காக இருந்த, யார் வேண்டுமானாலும் கைது செய்யலாம் என்ற சட்டம் 1863-ல் பிறந்தது. மாநிலம் அதை 2021-ல் கைவிட்டது; அந்த ஆண்டு நவம்பரில் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2020 ஆகஸ்டில் கெனோஷா நகரத்தில் நடந்ததோ இன்னும் விபரீதம். கலவர ஊருக்குள் சொத்துக்களைக் காக்கப் போகிறேன் என்று பெரிய துப்பாக்கியோடு போன 17 வயதுப் பையன் ஒருவரைச் சுட்டான். அதைக் கண்டவர்கள், இவன் கண்டபடி சுடுகிறவன் என்று நினைத்து, பிறரைக் காப்பாற்ற அவன்மேல் பாய்ந்தார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் மேலும் இருவரைச் சுட்டான். ஒருவர் செத்தார், மற்றவர் கையில் காயம். காயம் பட்டவர் கையிலும் ஒரு துப்பாக்கி! எல்லோரும் காப்பாற்ற வந்தவர்கள். 2021 நவம்பரில் பையன் விடுதலையானான். அந்தத் தீர்ப்பைப் பற்றி அமெரிக்கா இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு அந்தச் சண்டையில் ஆசையில்லை. அந்தத் தெருவில் ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லாதிருந்தால் அன்றிரவு எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த நாடு லைசென்ஸையே கழற்றிக்கொண்டு வருகிறது. ரகசியமாகத் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட அனுமதியே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்கள் 2024-ல் 29 ஆகிவிட்டன. தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் அனுமதி என்றிருந்த நியூயார்க் சட்டத்தை 2022-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கிரீன்வுட் பையனிடமும் லைசென்ஸ் கிடையாது. அந்த மாநிலத்தில் அது தேவையில்லை என்றான பதினேழாம் நாள் அது நடந்தது. ஆகவே, ‘பயிற்சி பெற்ற, பரீட்சை தேறிய நல்லவர்’ என்று என் நண்பர் மனத்தில் வைத்திருக்கும் சித்திரம் அந்த நாட்டிலேயே வெளுத்துக்கொண்டிருக்கிறது.

நான் சட்டம் படித்தவன் அல்ல. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். குடையோடு வந்தவனுக்கும் துப்பாக்கியோடு வந்தவனுக்கும் ஒரே தராசு ஏன்? எனக்குக் கோபம் வந்தது அந்த நிமிஷத்தில். குடை மழைக்காக எடுத்து வந்தது. காலையில் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, குண்டு நிரப்பி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினவனோ, பதற்றத்தில் முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. பாதி முடிவை அவன் வீட்டிலேயே செய்துவிட்டான். ஆகவே அவனிடம் கூடுதலாகக் கேட்கத்தான் வேண்டும். ஆரம்பத்தைப் பார்த்தாயா, கூச்சலை மட்டும் கேட்டாயா? ‘நிறுத்து’ என்று ஒரு குரல் கொடுக்க நேரமிருந்ததா? கொடுத்தாயா? அவனுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று பார்த்தாயா? நம் சட்டத்தில் இந்தக் கடைசி விஷயத்துக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவனைக் கொல்ல ஒரு கும்பல் வருகிறது. கும்பலில் சிறு குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். சுட்டாலொழிய அவன் தப்ப முடியாது. சுட்டுக் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலும் அவன் குற்றவாளி அல்ல. பழைய 106, இப்போது 44. சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். அந்தக் குழந்தையின் தாயிடம் போய் இந்தப் பிரிவை வாசித்துக் காட்டக்கூடிய நல்லவர் யாராவது இருந்தால் அவருக்கு முதலில் லைசென்ஸ் கொடுங்கள்.

“அப்படின்னா பொண்ணு வெட்டுப்பட்டுச் சாகட்டும்ங்கறீங்களா?” என்று நண்பர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

பெண்களைப் பற்றி அவருக்குத் திடீரென்று ஏற்பட்ட கவலையை நான் மதிக்கிறேன். 2014-ல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வர் செய்து விற்றது. டெல்லியில் 2012-ல் சிதைக்கப்பட்ட பெண்ணுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரை ஒட்டிய பெயர். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் எத்தனை வருஷம் மிச்சம் பிடித்தால் அதை வாங்க முடியும்? இன்னொரு கணக்கும் சர்க்காரிடம் இருக்கிறது: பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டு தவறாமல் சொல்லி வந்திருக்கின்றன. உறவினன், அயலான், பழகினவன். வீதியில் துப்பாக்கியோடு உலாத்தும் நல்லவர் அந்த வீட்டுக்குள் எப்படி வருவார்? அவரே அந்த வீட்டுக்காரராக இருந்துவிட்டால்?

சும்மா நின்று பார் என்று நான் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் அரிஸோனாவின் டூசான் நகரத்தில், மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியேல் கிஃபோர்ட்ஸைத் தலையில் சுட்ட ஒருவன் ஆறு பேரைக் கொன்றான். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. அவனைப் பிடித்தவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. தலையில் குண்டு உரசி ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த 74 வயது ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் மற்றவர்களும் அவனைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். அவன் எடுத்த குண்டுப்பெட்டியைப் பறித்தது 61 வயதுப் பெண்மணி. அந்த நேரத்தில் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ஓர் இளைஞன் ஓடிவந்தான். சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கி அவன் சட்டைப்பையில், கை அதன்மேல். ஒருவர் கையில் துப்பாக்கியோடு நிற்பதைக் கண்டான். அவர் கொலைகாரனிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றவர். இளைஞன் தன்னுடையதை உருவவில்லை. ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். “அவரில்லை, அவரில்லை!” என்று சுற்றியிருந்தவர்கள் கத்தினார்கள். தான் எவ்வளவு அருகில் போய்விட்டோம் என்பதை அவன் பிறகு தானே சொல்லியிருக்கிறான். அவனுக்கு அன்று புத்தி இருந்ததா, அதிர்ஷ்டம் இருந்ததா என்று கேட்டால், அதிர்ஷ்டம் என்றுதான் அவனே சொன்னான்.

நண்பர் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, அவர் வந்த காரியத்துக்கு வந்தார்.

“அது கெடக்கட்டும் தம்பி. ராத்திரியிலே தோப்புக்குள்ளே பூந்து தேங்காய் திருடறானே, அவனைச் சுட்டா என்னாகும்?”

சட்டத்தைச் சொன்னேன். கொள்ளையடிக்க வருகிறவன், இரவில் வீட்டை உடைத்துப் புகுகிறவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறவன் என்று சில பேர் விஷயத்தில் உரிமை உயிர்வரைக்கும் போகும்; சாதாரணத் திருட்டில், திருடனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் ஏற்பட்டாலொழிய, போகாது. தேங்காய்க்காக ஆளைக் கொன்றால் அது கொலைதான். அவர் முகம் வாடிவிட்டது.

“லைசென்ஸுக்கு மனுப் போடறதாத்தான் இருக்கேன்” என்றார் எழுந்துகொண்டே. “என்ன தேவைன்னு அதிலே எழுதணுமாம். ‘பிறர் உயிரைக் காப்பாற்ற’ன்னு நல்ல வார்த்தையா நீங்க ஒரு நாலு வரி எழுதிக் குடுத்தா...”

“பயிர்ப் பாதுகாப்பு என்று ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது, ஐயா. தேங்காயைக் காப்பாற்ற என்று எழுதிப் போடுங்கள்” என்றேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பத்திரிகையை மட்டும் மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.